சோலார் மானியம்: பேனலுக்கு உண்டு, பேட்டரிக்கு இல்லை

பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி போன வாரம் ஒரு கொட்டேஷனைக் கொண்டுவந்து நீட்டினார். 3 கிலோவாட் சோலார் பேனல், ஹைபிரிட் இன்வெர்ட்டர் (பேட்டரியையும் இணைக்கக்கூடிய வகை), லித்தியம் பேட்டரி, எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அடியில் பேனாவால் ‘மானியம் 78,000 போக’ என்று எழுதியிருந்தது. “பேட்டரிக்கும் சேத்துத்தானே குடுக்காவ?” என்றார். இல்லை.

வீட்டுக் கூரையில் சோலார் மாட்ட மத்திய அரசு 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தில் மானியம் கிலோவாட் கணக்கில்தான். முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு மாட்டினாலும் 78,000தான். திட்டத்தின் இணையதளத்தில் பதிந்து, பதிவு பெற்ற விற்பனையாளரிடம் மாட்டி, மின்வாரியம் நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் மின்சாரம், அனுப்பும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வைத்த பிறகு பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். பேட்டரி வைத்துக்கொள்ளத் தடையில்லை. அந்தச் செலவு முழுக்க உங்களுடையது.

பேட்டரி எதற்கு? மின்வாரிய லைனோடு இணைந்த சாதாரண ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனால் கூடவே நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போன நேரத்துக்குத்தான் பேட்டரி. பில் குறைவதற்கு அது தேவையே இல்லை. பகலில் நீங்கள் லைனுக்கு அனுப்பும் யூனிட்டை நெட் மீட்டர் கழித்துக்கொள்ளும்.

விலை விஷயத்துக்கு வருவோம். மானியம் வேண்டுமென்றால் பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். நம் கங்கைகொண்டான் சிப்காட்டிலேயே செல் தயாராகிறது. லித்தியம் பேட்டரியின் செல்லோ பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. அதனால் அங்கே எடுக்கும் முடிவு இங்கே கொட்டேஷனில் தெரியும். 2010-இல் ஒரு கிலோவாட்-மணி (ஒரு யூனிட்) கொள்ளளவுக்கு உலகச் சராசரி விலை 1,000 டாலருக்கும் மேல் இருந்த லித்தியம் பேட்டரி, 2024-இல் சுமார் 115 டாலருக்கு இறங்கியது. 2022 கடைசியில் உச்சத்தில் இருந்த லித்தியம் விலை சரிந்ததும், சீன ஆலைகள் தேவைக்கு மேல் உற்பத்தி செய்ததும் முக்கியக் காரணங்கள். ஆனால் பேட்டரி ஏற்றுமதி செய்பவர்களுக்குச் சீனா திருப்பித் தரும் வரியை 2024 டிசம்பரில் 13 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைத்துவிட்டது; அந்தச் சுமை விலையில் ஏறலாம். டாலர் ஏறினாலும் நமக்குச் சுமைதான். ஜிஎஸ்டியிலும் வேறுபாடு உண்டு: 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு 5 சதவீதம், லித்தியம் பேட்டரிக்கு 18.

பேட்டரிக்கு அரசு பணமே தருவதில்லையா என்றால், தருகிறது; வீட்டுக்கு அல்ல, மின்கட்டமைப்புக்கு. பெரிய பேட்டரி நிலையங்களின் மூலதனச் செலவில் 40 சதவீதம் வரை ஈடுகட்டும் திட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நம் பக்கத்துக்கு இது ரொம்பத் தேவை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் இராப்பகலாகச் சுற்றும். லைன் தாங்காத நேரத்தில் நிறுத்தி வைக்கச் சொல்வதும் உண்டு. அந்த மின்சாரத்தைப் பிடித்துவைத்தால் மாலை ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் லைட் எரியும்போது கைகொடுக்கும்.

அண்ணாச்சியிடம் கொட்டேஷனை மூன்றாகப் பிரித்து வாங்கிவரச் சொன்னேன்: பேனல் தனி, இன்வெர்ட்டர் தனி, பேட்டரி தனி. அவர் தெருவில் கரண்ட் போவது அபூர்வம். இப்போதைக்கு ஹைபிரிட் இன்வெர்ட்டரோடு நிறுத்திக்கொண்டால், பேட்டரியைப் பிறகு வேண்டும்போது சேர்த்துக்கொள்ளலாம்.