துணியோடு வந்த மஞ்சள்

கழிவுநீரைச் சுத்திகரித்தால் தண்ணீர் தெளிந்துவிடும். அதிலிருந்த நஞ்சு எங்கும் போய்விடுவதில்லை. சுண்ணாம்பு போட்டதும் குரோமியமும் நிக்கலும் துத்தநாகமும் ஹைட்ராக்சைடாகி, அடியில் கசடாகப் படிகின்றன. மூட்டை கட்டிப் புதைத்தாலும் அமிலநீர் பட்டால் அவை மீண்டும் கரைந்து கிளம்பும்.

அதனால்தான் கசடை உருக்கிக் கண்ணாடியாக்குகிறார்கள். உலர்த்திய கசடோடு மணலும் உடைந்த கண்ணாடியும் கலந்து, 1300 முதல் 1500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் எல்லாம் உருகி ஒன்றாகிவிடும். கசடைச் சிமெண்டில் குழைத்து இறுக்குவதும் உண்டு; அதில் உலோகம் பெரும்பாலும் அடைபட்டுத்தான் கிடக்கிறது. கண்ணாடியிலோ அது சிலிக்கா வலைப்பின்னலின் உறுப்பாகவே மாறிவிடுகிறது. பிரான்சின் மார்கூல் அணு நிலையத்தில் அணுக்கழிவையே 1978 முதல் இப்படித்தான் பூட்டினார்கள்.

முலாம் பூசும் ஆலை ஒன்றின் கசடை நாங்கள் சோதனைக்காக உருக்கினோம். கரும்பச்சைக் கட்டி, பார்க்க அழகு. மேலே மட்டும் மெல்லிய மஞ்சள் தோல். "துடைத்தால் போய்விடும்" என்றார் உலையைப் பார்த்துக்கொண்டவர். போகத்தான் செய்தது. துடைத்த துணியை அலசிய தண்ணீர் மஞ்சளானது: ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் வகை.

தவறு எங்களுடையதுதான். சுத்திகரிப்பின்போது மெட்டாபைசல்பைட் என்ற உப்பைப் போட்டு அந்தக் குரோமியத்தை நஞ்சு குறைந்த மூன்று இணைதிறனுக்கு இறக்கியிருந்தோம். அப்போது உண்டான சல்பேட்டைக் கசடிலிருந்து அலசி நீக்கவில்லை. சல்பேட் கண்ணாடியில் அதிகம் கரையாது. உருகி மேலே மிதக்கும். உலைக் காற்றிலிருந்த ஆக்சிஜன் குரோமியத்தைப் பழையபடி ஆறுக்கு ஏற்ற, அது அந்த உப்போடு போய்ச் சேர்ந்துகொண்டது. தோலைத் துடைத்துவிட்டுக் கட்டியை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. உலோகம் கரைந்து வெளியேறுகிறதா என்று பார்க்கும் கசிவுச் சோதனையில் கட்டியை 9.5 மில்லிமீட்டருக்கும் சிறிதாக உடைத்து, அசிட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றுவார்கள். கட்டி அதில் தேறியிருக்கக்கூடும். சோதனையில் தேறியதாகச் சான்றிதழைக் காட்டுகிறவரிடம் மாதிரியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நான் கேட்பது அதனால்தான்.

வீட்டுக் கழிவுநீர்க் கசடையும் இப்படியே உருக்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிழிந்த பிறகும் அதில் பெரும்பாலும் முக்கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். பயிருக்கு உதவும் பாஸ்பரஸும் கண்ணாடிக்குள் சிறைப்பட்டுவிடும். எரிபொருளைக் கொட்டி உரத்தைப் பூட்டுவானேன்?

இரண்டாம் முறை முலாம் ஆலைக் கசடை நன்றாக அலசி, ஆக்சிஜன் குரோமியத்தை ஆறுக்கு ஏற்றாதபடி கரித்தூள் சேர்த்து உருக்கினோம். மஞ்சள் தோல் வரவில்லை. ஆனால் கரி துத்தநாகத்தை ஆவியாக்கிவிட்டிருந்தது. புகைவழி வடிகட்டியைத் திறந்தால் உள்ளே வெண்ணிறத் தூள். கசடிலிருந்த ஈயமும் அதில் கலந்திருந்தது. அந்தத் தூளைத் தனி மூட்டையில் கட்டி, அபாயகரக் கழிவு என்று எழுதி ஒட்டினோம்.