ஸ்டீரியோடைப்: ஈயத்தில் உறைந்த சொல்லுக்குத் தமிழ் என்ன?

"இந்த ஸ்டீரியோடைப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு." டிஸ்னி நிறுவனம் 2020இல் தன் பழைய படங்கள் சிலவற்றின் முகப்பில் சேர்த்த எச்சரிக்கைக் குறிப்பில் இருந்த வரி இது. 1941இன் 'டம்போ', 1953இன் 'பீட்டர் பான்', 1970இன் 'அரிஸ்டோகேட்ஸ்' ஆகியவை அந்தப் படங்களில் சேரும். 'டம்போ'வில் ஒரு காக்கைக் கூட்டம் வரும். கறுப்பின மக்களைக் கேலி செய்த பழைய அமெரிக்க மேடைக்கூத்தின் சாயலில்தான் அவை பேசும், ஆடும். தலைமைக் காக்கைக்குத் தயாரிப்பின்போது வைத்த பெயர் 'ஜிம் குரோ'. கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கு வழங்கிய பெயரும் அதுவே. அந்தக் காக்கைக்குக் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளையர். 'அரிஸ்டோகேட்ஸ்' படத்திலோ ஒரு சயாமியப் பூனை, கிழக்காசியர் சாப்பிடப் பயன்படுத்தும் குச்சிகளைக் கையில் பிடித்துப் பியானோ வாசிக்கும்.

அந்த எச்சரிக்கையைத் தமிழாக்கினால் மற்ற சொற்களெல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு கூட்டத்தார் எல்லாருமே இப்படித்தான் என்று உறைந்துபோன படத்தைக் குறிக்கும் 'ஸ்டீரியோடைப்' ஒன்றுதான் இடறும். ஓரிடத்தில் 'ஒரே மாதிரியான எண்ணம்' என்று படிக்கிறோம், இன்னோரிடத்தில் 'முன்முடிவு' என்று இருக்கிறது. ஒருவர் 'வார்ப்புரு' என்கிறார், மற்றொருவர் அலுத்துப்போய் 'ஸ்டீரியோடைப்' என்றே விட்டுவிடுகிறார். சரியான சொல் வேண்டுமானால் இது பிறந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

பிறந்த வீடு அச்சுக்கூடம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பக்கம் அமைத்த காலம் அது. அச்சடித்து முடிந்ததும் பக்கத்தைக் கலைத்து, எழுத்துகளை அந்தந்த அறையில் திரும்பப் போட்டுவிடுவார்கள். அடுத்த வேலைக்கு அவை தேவை. அதே புத்தகம் மறுபடி வேண்டுமென்றால் முதல் எழுத்திலிருந்து மறுபடி கோக்க வேண்டும். இந்தப் பாட்டைத் தவிர்க்க ஒரு வழி கண்டார்கள். கோத்து முடித்த பக்கத்தின் மேல் சாந்தை அழுத்தி அச்செடுத்து, அந்த அச்சில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால் பக்கம் முழுவதும் ஒரே தகடாகக் கைக்கு வந்துவிடும். எடின்பரோவில் வில்லியம் கெட் என்ற பொற்கொல்லர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதை முயன்று பார்த்தார். 1790களில் பாரிசைச் சேர்ந்த ஃபிர்மான் தீதோ, மடக்கை (லாகரிதம்) அட்டவணைகளை இப்படித் தகடாக்கினார். எண்களே நிறைந்த பக்கத்தில் ஒரே ஓர் எண் நழுவி இடம் மாறினாலும் படிப்பவர் கணக்கு கெட்டுவிடும். தகட்டில் எதுவும் நழுவாது. அந்த முறைக்கு அவர் இட்ட பெயர்தான் ஸ்டீரியோடைப். கிரேக்கத்தில் 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டியானது; 'டைப்போஸ்' என்றால் அடித்துப் பதிந்த தடம். பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோவிலும் இருப்பது அதே 'கெட்டி'தான்.

நழுவாது என்பது தகட்டின் நன்மை. எளிதில் மாற்ற முடியாது என்பதும் அதே குணத்தின் மறுபக்கம். கோத்த எழுத்தில் பிழை கண்டால் நெம்பி எடுத்துவிட்டு வேறு எழுத்தை வைக்கலாம். தகட்டில் பிழை இருந்தால் அடிக்கும் படிகள் அத்தனையிலும் அந்தப் பிழை இருக்கும். அமெரிக்க இதழாளர் வால்ட்டர் லிப்மன், பொதுமக்கள் கருத்து எப்படி உருவாகிறது என்று 1922இல் எழுதிய நூலில் இந்தச் சொல்லை மனித மனத்துக்குக் கொண்டுவந்தார். நம் தலைக்குள் இருக்கும் படங்களைப் பற்றி அவர் பேசினார். ஆளை நேரில் பார்க்கும் முன்பே ஆளைப் பற்றிய படம் உள்ளே தயாராகிவிடுகிறது. பிறகு நாம் பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

அதே அச்சுக்கூடத்தில் பிறந்த இன்னொரு பிரெஞ்சுச் சொல் 'கிளிஷே'. அதுவும் தகட்டுக்கான பெயர்தான்; இன்று சொல்லிச் சொல்லிச் சலித்த தொடரைக் குறிக்கிறது. அதற்குத் தமிழில் 'தேய்வழக்கு' என்று யாரோ ஒருவர் அருமையாகச் சொல் கண்டார். விளக்கமே வேண்டாம், சொல்லைக் கேட்டதும் தேய்ந்துபோனது கண்ணில் தெரிகிறது. ஸ்டீரியோடைப்புக்கு அப்படி ஒன்று இன்னும் நிலைக்காதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

'முன்முடிவு', 'தப்பெண்ணம்' ஆகிய இரண்டையும் முதலில் விலக்க வேண்டும். அவை ஒரு மனிதரின் உள்ளத்தில் இருக்கும் சாய்வைக் குறிப்பவை. ஸ்டீரியோடைப் யாருடைய உள்ளத்திலும் பகை இல்லாமலேகூடப் பொருளுக்குள் புகுந்து வீட்டுக்கு வந்துவிடும். 1992இல் வந்த பேசும் பார்பிப் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரித்தவர்கள் 270 வாக்கியங்களைப் பதிவுசெய்து வைத்து, ஒவ்வொரு பொம்மைக்குள்ளும் நான்கு நான்காகப் போட்டு அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று, கணக்கு வகுப்பு கஷ்டம் என்பது. பொத்தானை அழுத்தினால் பொம்மை சிரித்த முகத்தோடு அதைச் சொல்லும். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் கண்டித்த பிறகு அந்த வாக்கியத்தை நீக்கினார்கள். பெண்கள் மேல் வெறுப்பு கொண்ட ஒருவர் உட்கார்ந்து அதை எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. சிறுமி என்றால் இப்படித்தான் பேசுவாள் என்ற தகடு ஏற்கெனவே தயாராக இருந்தது, அதிலிருந்து ஒரு படி எடுத்தார்கள். 'முன்முடிவு' என்ற சொல்லால் இதைப் பிடிக்க முடியாது.

'ஒரே மாதிரி' என்பது பிழையில்லை, ஆனால் பலமில்லை. ஒரே மாதிரி இருப்பதில் என்ன தீங்கு என்று குழந்தை கேட்டால் பதில் அந்தச் சொல்லுக்குள் இல்லை. 'முத்திரை குத்துதல்' செயலைச் சொல்கிறது, செயலின் விளைவைச் சொல்லவில்லை.

மிஞ்சுவது 'வார்ப்பு'. 'வார்ப்புரு' இப்போது கணினியில் நிரப்பிப் பயன்படுத்தும் மாதிரிப் பக்கத்துக்குப் பெயராகிவிட்டது, அதை அங்கேயே விட்டுவிடுவோம். வெறும் 'வார்ப்பு' என்று வைக்கலாமா? இலக்கியத் திறனாய்வில் 'பாத்திர வார்ப்பு' என்றால் பாராட்டு. இன்னொரு காரணமும் உண்டு. சுவாமிமலையில் மெழுகில் உரு செய்து, அதன் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் வார்க்கிறார்கள். ஆறியதும் மண் கூட்டை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். கூடு உடைந்த பிறகு அதே போல இன்னொன்று கிடையாது. ஆக, நம் ஊரில் வார்ப்பு என்பது ஒற்றைப் பிறவிக்கும் பெயர். பல படி எடுக்கும் பொருள் வேண்டுமானால் 'அச்சு' துணைக்கு வர வேண்டும். அச்சு வெல்லமும் அச்சு முறுக்கும் தின்று வளர்ந்த நமக்கு அச்சு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சகத்தின் அச்சும் அதே சொல். 'அச்சுவார்ப்பு' என்றால் தீதோவின் ஈயத் தகடும் அதில் இருக்கிறது, வெல்லக்கட்டியும் அதில் இருக்கிறது. நான் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறேன்: பாலின அச்சுவார்ப்பு, இன அச்சுவார்ப்பு. வினையாக வேண்டுமானால் 'அச்சில் வார்த்துவிடுகிறார்கள்'.

பொம்மைகளுக்கு இந்தச் சொல் உவமையாகக்கூட இருக்க வேண்டியதில்லை, நேர்ப்பொருளிலேயே பொருந்தும். 1967இல் பார்பியின் உறவுப் பெண்ணாக விற்ற ஃபிரான்சி பொம்மையின் கறுப்பின வடிவம் ஒன்றை வெளியிட்டார்கள். வெள்ளை ஃபிரான்சியின் தலையை வார்த்த அதே அச்சு. ஊற்றிய பிளாஸ்டிக் மட்டும் கறுப்பு. மூக்கும் உதடும் கன்னமும் வெள்ளைப் பெண்ணுடையவை. பார்பி என்ற பெயரோடே ஒரு கறுப்புப் பொம்மை வர 1980 ஆயிற்று. கிட்டி பிளாக் பெர்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண் அதை வடிவமைத்தார்.

குழந்தை இதையெல்லாம் கவனிக்குமா என்று கேட்பவர்களுக்கு 1940களிலேயே பதில் கிடைத்துவிட்டது. உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் நிறம் தவிர வேறுபாடில்லாத பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. கடைசியாக, உன்னைப் போல இருப்பது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடின. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வையும் அடிக்குறிப்பில் சுட்டியது.

சென்ற விடுமுறையில் அக்கா மகள் எங்கள் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஆறு வயது. படத்தில் அவள், அவள் அம்மா, ஒரு நாய். "சித்தி, ஸ்கின் கலர் எங்க?" என்று கேட்டாள். கிரேயான் டப்பாவைத் துழாவினேன். அவள் கேட்டது வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சியை. அதைப் பிடித்திருந்த கை நல்ல மாநிறம். "இது உன் கலரா பாப்பா?" என்றேன். கையையும் குச்சியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இது எங்க மிஸ் சொன்ன ஸ்கின் கலர்" என்றாள். நாய்க்கு மட்டும் பழுப்பு அடித்தாள். அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் அந்த நிறத்துக்கு வைத்திருந்த 'சதை' என்ற பெயரை 1962இலேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பறைகளில் பழைய பெயர் இன்னும் நடமாடுகிறது.

சோட்டா பீமைத் தமிழில் பார்க்கும் பிள்ளைகளுக்கு வம்புக்காரப் பையன் 'காலியா' வெறும் பெயர்தான். இந்தியில் அது கருப்பன் என்ற பட்டப்பெயர். பீமின் தோழி சுட்கி அம்மாவோடு சேர்ந்து லட்டு விற்பாள், லட்டைத் தின்று பலம் பெறுபவன் பீம். ஒரே கதையில் இன அச்சும் பாலின அச்சும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

பேச்சையே அளந்து பார்த்தவர்களும் உண்டு. மொழியியலாளர்கள் கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் இருவரும் டிஸ்னி இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். கடற்கன்னியைக் கதைத்தலைவியாகக் கொண்ட 1989ஆம் ஆண்டுப் படத்தில் பேச்சில் 68 விழுக்காடு ஆண்களுடையது. நாட்டைக் காக்கப் போருக்குப் போகும் முலானின் படத்தில் 77. 'அலாவுதீன்' படத்தில் 90. சுற்றி நிற்கும் காவலன், வணிகன், வேலைக்காரன், கூட வரும் கிளி என்று எல்லாரும் ஆண். எழுதுகிறவர் கைக்கு முதலில் வரும் அச்சு அதுதான்.

இதை வெளியூர்ச் சரக்கு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. பிள்ளைத்தமிழில் பருவம் பத்து. காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவம் இரு பாலுக்கும் பொது. பிறகு பிரிந்துவிடும். பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். அந்தச் சிற்றில் பருவத்தில் மணல் வீட்டைக் கட்டுபவர்கள் சிறுமியர். பாட்டுடைத் தலைவன் அதைக் காலால் சிதைக்க வருவான். எங்கள் வீட்டை அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். ஓசைக்காகவே நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பாடல்கள் அவை. ஆனால் கட்டியவள் கெஞ்ச வேண்டும், இடிப்பவனைக் கொஞ்ச வேண்டும் என்பது எவ்வளவு பழைய அச்சு!

சொல்லுக்கு வருவோம். 'இந்த முன்முடிவுகள் அன்றும் தவறு' என்று எழுதினால், எடுத்தவர்களின் மனக்கோணலுக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கிறது. 'இந்த அச்சுவார்ப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு' என்று எழுதும்போது குற்றம் திரையில் ஓடும் படத்தின் மேல் நிற்கிறது. அதிலிருந்து இன்னும் படி எடுக்கிறார்கள் என்பதும் தெரிகிறது.

தகட்டில் ஓர் எழுத்தைத் திருத்துவது எவ்வளவு பாடு என்பதற்கு 'அலாவுதீன்' படத்தின் தொடக்கப் பாட்டு ஒரு சான்று. 1992இல் திரையரங்கில் ஓடியபோது அதில் அரபு நாட்டைப் பற்றி, முகம் பிடிக்காவிட்டால் காதை அறுத்துவிடுவார்கள் என்று ஒரு வரி இருந்தது. அரபு அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள். 1993இல் வீட்டுக் கேசட் வந்தபோது அந்த வரி போய், வெயிலையும் பரந்த நிலத்தையும் பற்றிய வரி வந்திருந்தது. அதற்கு அடுத்த வரியில் அந்த நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானது என்ற சொல் அப்படியே இருந்தது. நடிகர்களை வைத்து 2019இல் மறுபடி எடுத்தபோதுதான் அந்தச் சொல்லை மாற்றினார்கள்.