ரீசெட்டுக்கு ‘மீட்டமை’ என்றால் எதை மீட்கிறது?

‘இணைய இணைப்பு கிடைக்கவில்லை எனில் ரவுட்டரை மீட்டமைக்கவும்.’ தமிழில் எழுதிய உதவிக் குறிப்பு எதைத் திறந்தாலும் இந்த வரி இருக்கிறது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? இணைப்பு போய்விட்டது, மீட்க வேண்டும், மீட்டமை என்று ஒரு வசதியே இருக்கிறது, அப்புறம் என்ன யோசனை! குண்டூசியை எடுத்து ரவுட்டரின் பின்னால் இருக்கும் ஊசித்துளையில் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கிறார். விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து எரிகிறது. வைஃபை பெயர் போச்சு, கடவுச்சொல் போச்சு, பயனர்பெயர் கொடுத்து உள்நுழைகிற பிபிபிஓஇ வகை இணைப்பு என்றால் சேவை நிறுவனம் கொடுத்த அந்தப் பயனர்பெயரும் சேர்ந்து போச்சு. ஐந்து நிமிடத்தில் தானாகவே வந்திருக்கக்கூடிய இணையம் அப்படிப்பட்ட இணைப்பில் இப்போது யாராவது மறுபடி அமைத்துக் கொடுக்கும்வரை வராது.

‘மீட்டமை’ என்பது ‘ரீசெட்’டின் தமிழாக்கம். ஆங்கிலத்தில் ‘ரீ’ என்றால் மறுபடி, ‘செட்’ என்றால் அமைத்தல். மறுபடி அமைப்பது, அவ்வளவுதான். கருவிகளுக்கு வந்தபோது ‘ஆரம்பத்தில் இருந்த நிலைக்கே கொண்டுபோ’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது.

தமிழில் ‘மீள்’ என்ற வினை இரண்டு விதமாக நடக்கும். மீண்டான் என்றால் தானே திரும்பி வந்தான். மீட்டான் என்றால் இன்னொன்றைத் திரும்பக் கொண்டுவந்தான்: சிறையிலிருந்து மீட்டான், கடனிலிருந்து மீட்டான். மீட்டு + அமை என்று பிரித்தால் ‘போனதைத் திரும்பப் பெற்று ஒழுங்கு செய்’ என்றுதான் காதில் விழுகிறது. பழைய நடையில் ‘மீட்டும்’ என்றால் மறுபடியும் என்று பொருள் உண்டே, அதிலிருந்து வந்ததாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். இருக்கலாம்தான். ஆனால் ‘மீட்டும் வந்தான்’ என்று இன்றைக்கு யார் பேசுகிறார்கள்? சொல்லைப் படைத்தவர் மனத்தில் எது இருந்தாலும் படிப்பவர் காதில் விழுவது ‘மீட்பு’தான். ‘மீளமை’ என்றாவது வைத்திருக்கலாம், ‘மீள’ என்பதற்கு ‘மறுபடி’ என்ற பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது, இலங்கைத் தமிழில் மீளாய்வு, மீள்குடியேற்றம் என்று இயல்பாகவே புழங்குகிறது.

இதைவிட மோசம், இதன் அக்கம்பக்கத்துச் சொற்கள். ‘ரிஸ்டோர்’ என்பதற்கு மீட்டெடு, ‘ரெக்கவர்’ என்பதற்கு மீட்பு, ‘ரீசெட்’டுக்கு மீட்டமை. முதல் இரண்டும் இழந்ததைத் திருப்பித் தருபவை, மூன்றாவது இருப்பதைத் துடைத்துப் போடுவது. காப்பான் பெயரையும் கள்ளன் பெயரையும் ஒரே வேரிலிருந்து செய்து வைத்துவிட்டு, பயனர்கள் குழம்புகிறார்கள் என்றால் எப்படி? போதாததற்கு ‘ஃபேக்டரி ரீசெட்’டுக்குத் ‘தொழிற்சாலை மீட்டமைப்பு’ என்று ஒன்று. யாரோ பிடித்து வைத்திருந்த ஆலையை மீட்டுக் கொடுத்தது மாதிரி இருக்கிறது. கருவி ஆலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த நிலை என்பதுதான் விஷயம் என்று இந்தத் தொடரை மட்டும் வைத்து யாரால் கண்டுபிடிக்க முடியும்? மொழிபெயர்ப்பவர் அந்த ஊசித்துளையை ஒருமுறையாவது அழுத்திப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். சொற்பட்டியலில் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல், பொருத்தினால் வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள்.

இணைப்பு விட்டுப்போனால் பெரும்பாலும் தேவைப்படுவது ரீசெட்டே அல்ல, ரீஸ்டார்ட். அதற்கு ‘மறுதொடக்கம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் விட்டு, மறுபடி போட்டால் தற்காலிக நினைவகத்தில் சிக்கிக் கிடந்ததெல்லாம் அழியும், ரவுட்டர் சேவை நிறுவனத்தோடு புதிதாகப் பேசி இணைய முகவரி வாங்கிக்கொள்ளும். நம் அமைப்புகள், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ரீசெட் கைவைப்பது அந்த ஃபிளாஷ் நினைவகத்தில்தான். பேச்சில் இரண்டையுமே ‘ரீசெட் பண்ணுங்க’ என்று சொல்கிற பழக்கம் உதவி மையங்களிலேயே இருக்கிறது. அங்கே தமிழ்ச் சொல் தெளிவாக இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும். அது இன்னும் குழப்பி விடுகிறது.

சரி, மாற்று என்ன? ரவுட்டருக்கும் கைபேசிக்கும் ‘முதல்நிலைக்குத் திருப்பு’ என்பேன். ‘தொடக்கநிலையாக்கு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், அது தப்பில்லை, ஆனால் ‘மறுதொடக்கம்’ பக்கத்திலேயே நிற்கும்போது இரண்டிலும் ‘தொடக்கம்’ வந்து மறுபடி அதே சிக்கல். எண்ணும் கருவிகளுக்கு ‘பூச்சியமாக்கு’ போதும். கடவுச்சொல்லுக்கு ‘புதிய கடவுச்சொல் அமை’, ஏனென்றால் அங்கேயும் பழையது மீளப்போவதில்லை. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொல்லா என்று கேட்டால், ஆமாம், மூன்று வேலைக்கு மூன்று சொல். தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான், ஆனால் எதிர்ப்பொருள் தரும் தூய சொல்லைவிட ‘ரீசெட்’ என்றே எழுதுவது எவ்வளவோ மேல்.

திரையில் இடம் இல்லை, நீளமான தொடர் பொத்தானுக்குள் அடங்காது என்பார்கள். பொத்தானில் ‘ரீசெட்’ என்றே இருக்கட்டும். அதை அழுத்தியதும் வரும் எச்சரிக்கைப் பெட்டியில் வேண்டிய இடம் இருக்கிறது. ‘நீங்கள் செய்துவைத்த அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும், கடவுச்சொல்லும் சேர்த்து’ என்று அங்கே எழுதலாமே. ஊசித்துளைக்குத்தான் எச்சரிக்கைப் பெட்டியும் கிடையாது. அங்கே உதவிக் குறிப்பில் இருக்கும் அந்த ஒரு வினைச்சொல்தான் எல்லாம்.