ராக்கெட் தொட்டி எந்த இடத்தில் நசுங்கும்?

வெற்று சோடா டின்னை மேலிருந்து அழுத்தினால் சற்றுத் தாங்கும். பிறகு ஒரே நொடியில் பக்கச்சுவர் நெளிந்துவிடும். இதுதான் பக்லிங். நாசாவின் எஸ்.எல்.எஸ். ராக்கெட்டில் 8.4 மீட்டர் விட்டமுள்ள திரவ ஹைட்ரஜன் தொட்டிக்கும் இந்த ஆபத்து உண்டு.

தொட்டியின் உட்சுவரில் விலா போன்ற வரம்புகள் உண்டு. கணக்குக்காக அவற்றை விட்டுவிட்டு, 5 மி.மீ. தடிப்புள்ள வெறும் அலுமினிய உருளை என்று கொள்வோம். 0.605 × யங் குணகம் (உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் எண்) × தடிப்பு ÷ ஆரம் என்ற சூத்திரப்படி சுமார் 50 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வந்ததும் சுவர் நெளியும். நல்ல உலோகக் கலவை 400 மெகாபாஸ்கலையும் தாங்கும். அந்த வலிமைக்கு இங்கே வேலையே வராது. அந்த 50-உம் குறையில்லாத உருளைக்குத்தான். வெல்டிங்கில் ஓரிரு மி.மீ. மேடுபள்ளம் வந்தால் மளமளவென்று குறையும். நாசாவின் 1968 வழிகாட்டி இவ்வளவு மெல்லிய சுவருக்குக் கால் பங்கைத்தான் நம்பச் சொல்கிறது: 12 மெகாபாஸ்கல்!

இதைக் கணினியில் கணக்கிட உதவுவது ஃபைனைட் எலிமென்ட் முறை. அதில் சுவரைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். இந்த உருளையில் ஒரு நெளிவின் அரை அலை ஏறக்குறைய 250 மி.மீ. அதற்குள் ஐந்தாறு கட்டங்களாவது வேண்டும். 200 மி.மீ. கட்டம் போட்டால் அலை உருவாக இடமே இருக்காது. தொட்டி பலமானது என்று கணினி பொய் சொல்லும். அழகான வண்ணப்படமும் கூடவே வரும் என்பதால், எனக்கு மிகவும் அச்சமூட்டும் பிழை இதுவே.

படத்தை நம்பும் முன் மொத்த எடையைச் சரிபாருங்கள். தாங்கிகளை எல்லாம் நீக்கி அதிர்வுக் கணக்கை ஓட்டினால் சரியாக ஆறு பூஜ்ய அதிர்வெண்கள் வர வேண்டும்: கட்டில்லாத பொருள் மூன்று திசைகளில் நகரும், மூன்று அச்சுகளில் சுழலும். ஏழாவது பூஜ்யம் வந்தால் எங்கோ கட்டங்கள் சந்திக்கும் புள்ளிகள் சரியாக ஒட்டாமல் கிடக்கலாம். கூரான உள்மூலையில் கட்டத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்கத் தகைவு (பொருளுக்குள் எழும் அழுத்தம்) ஏறிக்கொண்டே போனால் அந்த எண்ணை எடுக்காதீர்கள். மூலையின் உண்மையான வளைவை வரைந்து மீண்டும் கணக்கிடுங்கள். தொட்டியின் முனை வளையங்களை மாதிரியில் துளியும் வளையாத இணைப்பால் கட்டினால், விளிம்பில் உண்மையில் இல்லாத பலம் இருப்பதாகக் காட்டும்.

கடைசியாக, அளந்தெடுத்த மேடுபள்ளங்களை மாதிரியில் ஏற்றி, சுமையைப் படிப்படியாகக் கூட்டி நேர்கோடற்ற கணக்கை (சுமைக்கு நேர்விகிதத்தில் வளைவு கூடாத நிலையையும் பார்க்கும் கணக்கு) ஓட்ட வேண்டும். சுமை உச்சம் தொட்டு இறங்கும் இடமே விடை.

2019 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில் அந்தத் தொட்டியின் சோதனைப் பிரதியை வேண்டுமென்றே உடைத்தார்கள். பறக்கும்போது எதிர்பார்த்த சுமையில் 260 சதவீதத்துக்கும் மேல் தாங்கி, பிறகு நெளிந்து கிழிந்தது. நெளிவு தொடங்கியது கணக்கு காட்டிய அதே இடத்தில். சுமையில் வித்தியாசம் 3 சதவீதத்துக்குள்.