எண்ணூர் எண்ணெய்க் கசிவு: நிவாரணப் பட்டியலில் பேர் விட்டுப்போனவர்களுக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கி, கொசஸ்தலையாறு, எண்ணூர் முகத்துவாரம் எல்லாம் படிந்தது. அரசு ரூ.8.68 கோடி அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, 787 படகுகளுக்குத் தலா ரூ.10,000, இன்னும் 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500.

மீனவர் சங்கத்தின் உறுப்பினர் புத்தகமும் படகு நம்பரும் உள்ளவர்களைக் கணக்கில் எடுப்பது சுலபம். கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்ணுக்கும், கூடையில் மீன் சுமந்து விற்கிற அம்மாவுக்கும் எந்தப் புத்தகமும் கிடையாது. வாடகை வீட்டில் இருந்துகொண்டு ரேஷன் கார்டை வேறு ஊர் முகவரியில் வைத்திருப்பவர்கள் பாடும் இதேதான். பிழைப்பு போனதில் மட்டும் யாருக்கும் குறைவில்லை.

மீன்வளத் துறையில் கேட்டால் "கணக்கெடுத்தது தாலுகா ஆபீஸ்" என்பார்கள். அங்கே போனால் "மீனவர் லிஸ்ட் அவங்கதான் தரணும்" என்பார்கள். இப்படி அலைந்தே கூலியை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாய்ப்பேச்சை நம்பி வீடு திரும்பாதீர்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து, நம்பர் போட்ட ரசீதைக் கையோடு வாங்குங்கள். எந்த மாவட்டம் என்பதிலும் கவனம் தேவை. எண்ணூர் இப்போது சென்னை மாவட்டத்தில், திருவொற்றியூர் தாலுகாவில் இருக்கிறது. காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் திருவள்ளூர் மாவட்டம். தப்பான இடத்தில் கொடுத்த மனு மேசை மேசையாகச் சுற்றும்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: எங்கள் தெருவுக்கான பயனாளிகள் பட்டியல் எது, எந்த விதிப்படி என் பெயர் விடுபட்டது? 30 நாளில் பதில் தர வேண்டும்.

நிவாரணத்தை வாங்கிவிட்டதால் கதை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில், அதன் சட்டம் 15-ஆம் பிரிவில் தனியாக இழப்பீடு கேட்கலாம். "ஆறு மாசம் தாண்டிடுச்சு" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அது மற்றச் சுற்றுச்சூழல் தகராறுகளுக்கான 14-ஆம் பிரிவின் கெடு. இழப்பீட்டுக்குக் கெடு ஐந்து வருடம். டிசம்பர் வரை இழுக்காமல் 2028 நவம்பருக்குள் மனு போட்டுவிடுங்கள். வாங்கிய நிவாரணத் தொகையை மனுவில் மறைக்காமல் சொல்லுங்கள். சட்டமே அதைக் கேட்கிறது. எண்ணெயை அள்ளிய துப்புரவு வேலைக்குக் கொடுத்த பணம் நீங்கள் உழைத்த கூலி. அதை இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாட்சியம்தான் பலருக்கும் இடிக்கிறது. எண்ணெய் அப்பிய வலையைப் பலர் அப்போதே எரித்துவிட்டார்கள். போட்டோ எடுத்தவர்கள் அந்த போனை விற்றுவிடாமல், தேதி தெரியும்படி படங்களை வேறு இடத்திலும் ஏற்றி வையுங்கள். ஏலக்காரர் நோட்டில் உங்கள் பெயர் உள்ள பக்கங்கள், மானிய டீசல் வாங்கிய பதிவு, தோல் அரிப்புக்கும் கண் எரிச்சலுக்கும் காட்டிய ஓ.பி. சீட்டு எல்லாமே உதவும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று நின்றுவிடாதீர்கள். தொழிற்சாலை விபத்து, வெள்ளம் போன்ற பேரிடர்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கும், எல்லாப் பெண்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைக்கும். வருமானச் சான்று இல்லாமல் முடியாது என்று கவுன்ட்டரில் சொன்னால், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவைச் சொல்லி, மறுப்பதை எழுத்தில் கேளுங்கள்.