ஆகாரின் படத்துக்கு லேமினேஷன் வேண்டாம்

பழைய காகிதங்களையும் அச்சுப் படங்களையும் செப்பனிடுவது என் தொழில். லேமினேஷன் செய்யப்பட்ட பழைய படம் என் மேசைக்கு வருவது இந்த ஆண்டில் இது நான்காவது முறை என்பதால், இம்முறை சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன்.

வந்தது, பணிப்பெண் ஆகாரையும் அவள் தனக்குப் பெற்ற மகன் இஸ்மவேலையும் ஆபிரகாம் வீட்டைவிட்டு அனுப்பிவிடும் காட்சி; 1637-இல் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து உருவாக்கியது. ஏறக்குறைய 12.5 செ.மீ. உயரமும் 9.5 செ.மீ. அகலமுமே உள்ள அந்தப் படத்தில் பைபிளின் ஆதியாகமம் 21-ஆம் அதிகாரத்தின் குடும்பத் துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வாசற்படியில் கைகளை விரித்து நிற்கும் ஆபிரகாம், கைக்குட்டையும் கண்ணீருமாக ஆகார், நமக்கு முதுகைக் காட்டி நடக்கும் சிறுவன், சன்னலில் சாய்ந்து சிரிக்கும் ஆபிரகாமின் மனைவி சாராள், கதவோர இருட்டில் எட்டிப் பார்க்கும் அவள் மகன் ஈசாக்கு. (சாராளின் சிரிப்புக்குச் செலவானவை சில கோடுகளே, பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.)

“ஈரம் படக் கூடாதென்றுதான் செய்தேன்” என்றார் உரிமையாளர். லேமினேஷன் ஒரு கவசம் என்ற இந்த நம்பிக்கைதான் என்னைச் சலிப்படையச் செய்கிறது. அது உறை அன்று. 100 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் உருகிய பசை காகிதத்தின் நார்களுக்குள் இறங்கிவிடுகிறது, அதைப் பிரிக்க முயன்றால் மேற்பரப்பும் சேர்ந்தே உரிகிறது. காகிதத்தில் ஏற்கெனவே இருக்கும் அமிலமும் உள்ளேயே அடைபட்டுத் தன் வேலையைத் தொடர்கிறது. செப்புத் தகட்டு அச்சில் மை காகிதத்தின் மேல் மெல்லிய மேடாக நிற்கும், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளமும் இருக்கும்; சூடான உருளைகள் இரண்டையும் நசுக்கிவிட்டன. ரெம்ப்ராண்ட் 1669-இல் இறந்த பின்னரும் அவருடைய தகடுகள் பலவற்றிலிருந்து பிரதிகள் அச்சாயின; 19-ஆம் நூற்றாண்டில் ஒளிப்பட முறையில் செய்த புதிய தகடுகளிலிருந்தும் நகல்கள் வந்தன. அந்த நகல்களிலும் தகட்டுப் பள்ளம் உண்டு என்பதால், மையின் மேட்டையும் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியையும் சேர்த்துப் பார்த்தே எது அசல் தகட்டின் அச்சு, எது நகல் என்று சொல்ல முடியும். “இது அசல்தானா?” என்று உரிமையாளர் கேட்டபோது, என்னால் உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை.

செல்லோடேப்பும் வேண்டாம், எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அமிலமற்ற அட்டைக்குள் வைத்து, கண்ணாடி படத்தைத் தொடாதவாறு சட்டமிடுங்கள். கறை இருந்தால் இருக்கட்டும். ஓரம் உதிர்ந்திருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், எதையும் ஒட்டாமல், உதிர்ந்த துணுக்கையும் ஒரு காகித உறையிலிட்டு அப்படியே எடுத்து வாருங்கள்.