ஃபிளாக்‌ஷிப் ஸ்டோர்: கொடியும் கப்பலும் கடையும்

2023 ஏப்ரல் 18 அன்று மும்பையில் 'இந்தியாவின் முதல் ஆப்பிள் ஸ்டோர்' திறந்தது. இரண்டு நாள் கழித்து டெல்லி சாகேத்தில் அடுத்தது. இரண்டு இடத்துக்கும் ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் நேரில் வந்து கதவைத் திறந்தார். செய்தியைப் பார்த்த பலருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். நம் ஊர் மாலிலேயே ஆப்பிள் கடை ரொம்ப வருடமாக இருக்கிறதே, அப்புறம் இது எப்படி முதல் கடை?

நியாயமான சந்தேகம்தான். ஒரு கணினி நிறுவனத்தின் பெயர்ப்பலகை தொங்குகிற கடையெல்லாம் அந்த நிறுவனத்தின் கடை அல்ல. பெரும்பாலும் அது வேறொரு முதலாளியின் கடை. நிறுவனத்திடம் அனுமதி வாங்கி, அது சொல்கிற நிறத்தில் சுவருக்கு வண்ணம் அடித்து, அது சொல்கிற மாதிரி மேஜை போட்டு, அதன் சரக்கை விற்கிறார். பலகையில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கும். 'ஆதரைஸ்டு ரீசெல்லர்' என்பதோ 'எக்ஸ்க்ளூசிவ் ஸ்டோர்' என்பதோ அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒதுங்கி நிற்கும். பலகை கைகொடுக்காவிட்டால் பில்லைப் பாருங்கள். ஜிஎஸ்டி பில்லில் விற்பவரின் பெயர், முகவரி, பதிவு எண் மூன்றும் இருந்தாக வேண்டும். மேலே இன்னார் என்டர்பிரைசஸ் என்று இருந்தால் அது முகவர் கடை. தயாரித்த நிறுவனத்தின் பெயரே இருந்தால் அதன் சொந்தக் கடை.

அப்படிப்பட்ட சொந்தக் கடைகளிலும் ஒன்றை மட்டும் எடுத்து, இடத்தாலும் அளவாலும் அலங்காரத்தாலும் மற்றவற்றுக்கு மேலே நிறுத்தினால் அதுதான் ஃபிளாக்‌ஷிப் ஸ்டோர். தமிழில் புழங்கும்போது இந்த இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நிறுவனம் நேரடியாக நடத்தும் எந்தக் கடையையும் ஃபிளாக்‌ஷிப் என்கிறோம். முகவர் கடையின் திறப்பு விழா விளம்பரத்தில்கூட அந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சொல் வந்த இடம் கடல். ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் கடற்படைச் சொல் இது. பல கப்பல்கள் சேர்ந்து போகும் படையில் தளபதி எந்தக் கப்பலில் இருக்கிறாரோ அந்தக் கப்பலில் அவருடைய கொடி பறக்கும். மற்ற கப்பல்கள் அதைப் பார்த்து நடந்துகொள்ளும். 1805-இல் டிரஃபால்கர் போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் இருந்த விக்டரி அப்படிப்பட்ட கப்பல். ஆனால் இந்தப் பதவி கப்பலோடு ஒட்டியது அல்ல, கொடியோடு போவது. 1813-இல் ஈரி ஏரியில் பிரிட்டிஷ் படையோடு மோதிய அமெரிக்கத் தளபதி பெரி, தன்னுடைய லாரன்ஸ் கப்பல் சல்லடையாகிவிட்டது என்று கண்டதும் கொடியை எடுத்துக்கொண்டு படகில் ஏறி, குண்டுகளுக்கு நடுவே நயாகரா என்ற இன்னொரு கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அதுதான் ஃபிளாக்‌ஷிப். போரிலும் அவர்தான் ஜெயித்தார்.

20-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் கரையேறி, ஹோட்டல், கடை, நாளிதழ் என்று எதையெல்லாம் ஒரு கூட்டத்தின் முதல் ஆளாகக் காட்ட வேண்டுமோ அதையெல்லாம் குறிக்க ஆரம்பித்தது. கூட்டம் இருந்தால்தான் முதல் ஆள் இருக்க முடியும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நம் ஊர் இனிப்புக் கடைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை' என்று பெருமையாக எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் கடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஃபிளாக்‌ஷிப் ஆகாது. தலைமை தாங்க அதற்குப் பின்னால் படை இல்லை.

இனி, ஸ்டோர். இதன் மூலம் கட்டி எழுப்புதல், வேண்டியதைச் சேர்த்து வைத்தல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல். அதற்குப் பின்னால் லத்தீன். ஆங்கிலத்தில் முதலில் அது சேமித்து வைத்த சரக்கைத்தான் குறித்தது. அதைக் கடை என்ற பொருளில் பரப்பியவர்கள் அமெரிக்கர்கள். பிரிட்டனில் சாதாரணக் கடைக்கு இன்றும் ஷாப் என்ற சொல்தான் முதலில் வாயில் வரும். சென்னைக்காரர்களுக்கு ஸ்டோர் என்றால் இன்னொன்றும் நினைவுக்கு வரலாம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கம் நடுவில் முற்றமும் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு குடித்தனமும் இருக்கும் வீட்டுக்கு அதுதான் பெயர். அது தனிக் கதை.

சரக்கு இருக்கும் இடம் என்ற அந்தப் பழைய பொருளை வைத்துக்கொண்டு பார்த்தால், கணினி நிறுவனங்கள் கடை திறந்த கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாட்டுத்தோல் போல வெள்ளையும் கருப்புமாகத் திட்டுத் திட்டான அட்டைப்பெட்டிகளில் கணினி விற்ற அமெரிக்க நிறுவனம் கேட்வே. தொலைபேசியில் ஆர்டர் எடுத்துப் பெரிதாக வளர்ந்தது. 1996 முதல் 'கேட்வே கன்ட்ரி' என்ற பெயரில் சொந்தக் கடைகளைத் திறந்தது. உள்ளே போகலாம், கீபோர்டைத் தட்டிப் பார்க்கலாம், விற்பனையாளரோடு உட்கார்ந்து என்ன மெமரி, எவ்வளவு ஹார்ட் டிஸ்க் என்று முடிவு செய்யலாம். பணம் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆலையில் பாகங்களைச் சேர்த்துக் கணினியைச் செய்து, பிறகு வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். சரக்கே இல்லாத ஸ்டோர். சரக்கில் பணம் முடங்காது என்பது நிறுவனத்தின் கணக்கு. கடை வரை போனவர் பெட்டியோடு திரும்ப நினைப்பார் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. 2004 ஏப்ரலில் மிச்சமிருந்த 188 கடைகளையும் ஒரேயடியாக மூடினார்கள். டெல் இதே பாணியில் மால்களின் நடுவே சின்னச் சின்னக் கியோஸ்குகளைப் போட்டுப் பார்த்தது. அமெரிக்காவில் இருந்த 140-ஐயும் 2008 தொடக்கத்தில் எடுத்துவிட்டது. அதற்கும் முன்னால் ஐபிஎம் 1980-களில் சொந்தக் கடைகள் நடத்தி, 1986-இல் அவற்றை ஒரு தொலைபேசி நிறுவனத்திடம் விற்றுவிட்டு நகர்ந்துகொண்டது. தலைகீழாக நடந்ததும் உண்டு. ஆயிரக்கணக்கான மின்னணுப் பொருள் கடைகளை ஏற்கெனவே வைத்திருந்த ரேடியோ ஷாக் 1977-இல் டிஆர்எஸ்-80 என்று தானே ஒரு கணினியைச் செய்து அவற்றில் விற்றது. அங்கே கடைதான் மூத்தது, கணினி இளையது.

இத்தனை பேர் கையைச் சுட்டுக்கொண்ட தொழிலில்தான் ஆப்பிள் 2001 மே 19 அன்று இறங்கியது. ஒரே நாளில் இரண்டு கடை: வர்ஜீனியாவில் டைசன்ஸ் கார்னரில் ஒன்று, கலிஃபோர்னியாவில் கிளெண்டேலில் ஒன்று. இது தேறாது என்று வணிகப் பத்திரிகையில் எழுதினார்கள், இரண்டே வருடத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள் என்று நாள் குறித்தவரும் உண்டு. முதல் இரண்டு நாளில் 7,700 பேருக்கு மேல் வந்தார்கள், 5,99,000 டாலருக்கு விற்றது. திட்டத்தை நடத்தியவர் டார்கெட் கடைத்தொடரிலிருந்து வந்த ரான் ஜான்சன். இப்படி இறங்கியதற்குக் காரணம் இருந்தது. அதுவரை ஆப்பிள் கணினிகள் பெருங்கடைகளின் ஏதோ ஒரு மூலையில் கிடந்தன. அங்கே இருந்த விற்பனையாளருக்கு அவற்றைப் பற்றித் தெரியாது, தெரிந்துகொண்டு ஆகப்போவதும் எதுவுமில்லை. பக்கத்து ரேக்கில் இருந்த விண்டோஸ் கணினியை விற்பதுதான் அவருக்குச் சுலபம். தன் சரக்கைப் பற்றித் தானே பேச ஓர் இடம் வேண்டும் என்பதுதான் சொந்தக் கடையின் நோக்கம். கேட்வே செய்யாததையும் செய்தார்கள்: வாங்கியதைக் கையோடு எடுத்துப் போகலாம்.

ஃபிளாக்‌ஷிப் என்ற சொல்லை நியாயப்படுத்தும் கடைகள் பிறகுதான் வந்தன. 2006 மே 19 அன்று நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் திறந்த கடை முழுக்கத் தரைக்குக் கீழே இருக்கிறது. மேலே தெரிவது பக்கத்துக்கு 32 அடி உள்ள கண்ணாடிக் கனசதுரம் மட்டும். அதற்குள் வெள்ளை ஆப்பிள் சின்னம் அந்தரத்தில் தொங்கும். முதலில் அந்தக் கனசதுரத்தில் 90 கண்ணாடிப் பலகைகள் இருந்தன. 2011-இல் அவற்றைக் கழற்றிவிட்டு வெறும் 15 பெரிய பலகைகளால் திரும்பக் கட்டினார்கள். ஒரு பொருளைக்கூட விற்காத அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு அவ்வளவு செலவு செய்ததுதான் ஃபிளாக்‌ஷிப்பின் இலக்கணம். கடை கீழே, கொடி மேலே. கப்பல் என்ற பாதிக்கும் பொருத்தம் வேண்டுமென்றால் சிங்கப்பூருக்குப் போகலாம். 2020 செப்டம்பரில் மரீனா பேயில் திறந்த கடை 114 கண்ணாடித் துண்டுகளால் ஆன கோளமாகத் தண்ணீரின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவும் செய்துவிட்டு ஆப்பிள், 'ஸ்டோர்' என்ற சொல்லையே கைவிட்டது. 2016 முதல் கடைப் பெயர்களில் அது கிடையாது. மும்பைக் கடை ஆப்பிள் பிகேசி (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் என்ற பகுதியின் சுருக்கம்), டெல்லிக் கடை ஆப்பிள் சாகேத். கடை என்று சொல்லாதீர்கள், ஊர்ச் சதுக்கம் என்று சொல்லுங்கள் என்றார் அப்போதைய கடைப்பிரிவுத் தலைவர் ஏஞ்சலா ஆரென்ட்ஸ். சதுக்கத்தில் காசு கொடுக்காமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். இங்கும் வரலாம்தான், பர்ஸை வெளியே எடுக்காமல் இருக்க முடிந்தால். மைக்ரோசாஃப்ட் 2009 முதல் நடத்திவந்த கடைகளை மூடுவதாக 2020-இல் அறிவித்தபோது நான்கை மட்டும் விட்டுவைத்து 'எக்ஸ்பீரியன்ஸ் சென்டர்' என்று பெயர் மாற்றியது. இந்தப் பலகை நம் ஊரிலும் பெருகிவிட்டது. இதை அனுபவ மையம் என்று எழுதுகிறார்கள். படித்தால் தியான வகுப்பு நடக்கும் இடம் மாதிரி இருக்கிறது. பொருளை எடுத்துப் பார்த்துப் பழகுகிற இடம் என்பதுதான் விஷயம். காட்சிக்கூடம் என்றாலே போதும். இலங்கையில் ஷோரூமைக் காட்சியறை என்பார்கள், அதுவும் நல்ல சொல்.

இந்தியாவுக்கு ஆப்பிளின் சொந்தக் கடை வர 22 வருடம் ஆனதற்குச் சட்டமும் ஒரு காரணம். ஒரே பிராண்டை விற்கும் கடைகளில் வெளிநாட்டு முதலீட்டை 2006-இல் 51 சதவீதம் வரை அனுமதித்தார்கள். 2012-இல் 100 சதவீதம் ஆயிற்று. ஆனால் 51-ஐத் தாண்டினால் சரக்கில் 30 சதவீத மதிப்புக்கு உள்நாட்டில் கொள்முதல் செய்ய வேண்டும். பெரும்பாலானவற்றைச் சீனாவில் செய்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு அது ஒத்துவரவில்லை. 2019-இல் விதி தளர்ந்தது. ஏற்றுமதிக்காக இங்கே வாங்குவதும் அந்த 30-இல் சேரும், கடை திறப்பதற்கு முன்பே ஆன்லைனில் விற்கலாம் என்று ஆனது. 2020 செப்டம்பரில் ஆன்லைன் விற்பனை, 2023-இல் கடை. இதற்கிடையில் ஸ்ரீபெரும்புதூரில் பாகங்களைச் சேர்த்து ஐபோன் செய்யும் வேலை மும்முரமாகியிருந்தது. அங்கே செய்த போன்கள் அதற்கு முன்பும் நம் ஊரில் விற்றன, பில் மட்டும் வேறொருவர் பெயரில்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கொடிக்கப்பல் என்று அப்படியே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கடற்படைச் செய்தியில் அது சரி. கொடிக்கப்பல் கடை என்று எழுதினால் எந்தத் துறைமுகத்தில் என்று கேட்பார்கள். கப்பலை விட்டுவிட்டுக் கொடிக்கடை என்று சொல்ல எனக்கே ஓர் ஆசை உண்டு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும் இடத்தில், துறையில் நிற்கும் நாவாய்களின் பாய்மரக் கொடி ஒன்று, கள் விற்கும் கடையின் கொடி இன்னொன்று. 'நறவு நொடைக் கொடி' என்பது பாட்டில் வரும் சொல். நறவு கள், நொடை விற்பனை. கொடி, கப்பல், கடை மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். ஆனால் இன்றைக்குக் கொடிக்கடை என்றால் தேர்தல் நேரத்தில் கட்சிக் கொடியும் துண்டும் மொத்தமாக விற்கும் கடைதான் கண்முன் வரும். ஆசையை விட்டுவிட்டேன்.

தலைமைக் கடை என்பதும் சரிப்படாது. நிர்வாகம் நடக்கும் இடம் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் அவென்யூ கடை ஆப்பிளின் தலைமையகம் அல்ல. முதன்மைக் கடை, முதன்மை அங்காடி இரண்டும் நிற்கும். அங்காடி நல்ல பழைய சொல். நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடைத்தெருவையும் இரவுக் கடைத்தெருவையும் மதுரைக்காஞ்சி பிரித்துச் சொல்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பேரங்காடி அன்றாடப் பேச்சில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அங்காடி என்றதும் ரேஷன் கடை நினைவுக்கு வருவதால், இங்கே எழுதுகிறவர்கள் முதன்மைக் கடை என்றோ முதன்மை விற்பனையகம் என்றோ எழுதலாம்.

நிறுவனம் தானே நடத்தும் எந்தக் கடைக்கும் பொதுப்பெயர் வேண்டுமென்றால் நேரடிக் கடை என்பதுதான் என் தேர்வு. பேச்சில் கம்பெனி ஷோரூம் என்று சொல்வது இதைத்தான், ஆனால் அந்தப் பேச்சில் முகவர் கடையும் சேர்ந்துகொள்கிறது. தயாரித்தவரே விற்பது நமக்குப் புதிதும் அல்ல. ஆவின் தானே நடத்தும் பாலகமும் கோ-ஆப்டெக்ஸ் விற்பனை நிலையமும் அந்த வகைதான். ஆகவே மும்பைச் செய்தியை 'ஆப்பிளின் முதல் நேரடிக் கடை இந்தியாவில் திறப்பு' என்று போட்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. நியூயார்க் கடையை 'ஆப்பிளின் முதன்மைக் கடை' என்று எழுதலாம். மாலில் இருப்பதை முகவர் கடை என்றே எழுதிவிடலாம், அதில் அவருக்குக் குறைவு ஒன்றுமில்லை.

யூடியூபில் நாளெல்லாம் கேட்கும் ஃபிளாக்‌ஷிப் போன் மட்டும் வேறு வகை. அங்கே ஒரு நிறுவனத்தின் போன்களில் விலையும் திறனும் உச்சத்தில் உள்ளது என்றுதான் பொருள், யார் விற்கிறார்கள் என்ற கேள்வியே இல்லை. உச்சரகப் போன் என்று சொல்லலாம். அடுத்த வருடம் புது மாடல் வந்ததும் கொடி அதற்குப் போய்விடும்.